சென்டாய் கிழக்கே நகர்ந்துகொண்டே போகிறதாமே, நான் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

புதுக்குடித்தனம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஜப்பானில் சென்டாய்க்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. எனக்கு எட்டு மாதப் பெண் குழந்தையோடு வீட்டில் வேலை.

போன வாரம் ராத்திரி ஒன்றேகால் மணிக்குப் போனில் இருக்கும் நிலநடுக்க ஆப் கத்தியது. எழுந்து உட்கார்வதற்குள் கதவு நிலை கிறீச்சென்றது. சமையலறையில் மாட்டியிருந்த கரண்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. பத்து நொடி இருக்கும், அவ்வளவுதான். ஷிந்தோ (இந்த ஊரில் ஆட்டத்தைச் சொல்லும் அளவு) 3 என்று போட்டிருந்தார்கள். பாப்பா புரண்டுகூடப் படுக்கவில்லை. நான்தான் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. பால் கொடுக்க எழும்போதெல்லாம் ஆப்பின் வரைபடத்தைத் திறந்து, நடுக்கத்தைக் காட்டும் புள்ளி எத்தனை புதிதாக வந்திருக்கிறது என்று எண்ணுகிறேன். கடல் பக்கம் புள்ளி கூடினால் வயிற்றைப் பிசைகிறது. புள்ளியே இல்லாவிட்டால் அதுவும் பயமாக இருக்கிறது!

போதாக்குறைக்கு, கணவரோடு வேலை பார்ப்பவர் அரசாங்கத்தின் ஜிபிஎஸ் வரைபடம் ஒன்றைக் காட்டியிருக்கிறார். சென்டாய் பக்கத்து நிலையம் ஒன்றின் கோடு 2011இல் செங்குத்தாக எகிறி, அதற்கப்புறமும் கிழக்கே போய்க்கொண்டே இருக்கிறது. பாறை பிய்ந்துகொண்டு போவதாகத்தானே இதற்கு அர்த்தம்? சின்னச் சின்ன நடுக்கம் நிறைய வந்தால் பெரியது வரப்போகிறதா, இல்லை, அழுத்தம் குறைகிறதா? இதில் எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

நிஷிகசாய்க்காரன் எழுதியது:

சகோதரி, முதல் வேலையாக அந்தப் புள்ளி ஆப்பைத் தூக்குங்கள். ஜப்பானில் உடம்பால் உணரக்கூடிய நடுக்கம் மட்டும் வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருகிறது. எண்ணிக்கொண்டிருந்தால் வேறு வேலை நடக்காது.

பார்க்க வேண்டியது உங்கள் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்த தேதி. 1981 ஜூனுக்குப் பிறகு என்றால் புதிய நிலநடுக்க விதிப்படி கட்டியது. அதற்கு முந்தியது என்றால் வீடு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். டோக்கியோவில் நான் வீடு தேடியபோது வாடகைக்கு முன்னாடி அதைத்தான் கேட்டேன்.

சின்ன நடுக்கம் நிறைய வந்தால் அழுத்தம் வெளியேறிவிடும், நல்லதுதான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் தைரியமாகத் தூங்குங்கள்.

மட்டக்கோல் எழுதியது:

தங்கச்சி, நான் சர்வேக்காரன். 2008இல் சென்டாய் வந்தேன், இன்றைக்கும் உயரம் அளக்கும் லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு மியாகி மாவட்டம் முழுக்க அலைகிறேன். நில அதிர்வு படித்த விஞ்ஞானி இல்லை. ஆனால் ஊர் நகர்ந்தால் முதலில் சோற்றில் மண் விழுவது எங்களுக்குத்தான். அதனால் நீங்கள் சொல்லும் அந்தக் கோடுகளோடு எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

முதலில் நிஷிகசாய் தம்பி கடைசியில் சொன்னதைத் திருத்திவிடுகிறேன், தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. மேக்னிட்யூட், அதாவது நடுக்கத்தின் அளவு எண், ஒரு படி ஏறினால் சக்தி சுமார் 32 மடங்கு. இரண்டு படி ஏறினால் ஆயிரம் மடங்கு. அதாவது 7 அளவு நடுக்கம் ஒன்றின் சக்தியை 5 அளவுகளாகக் கரைக்க வேண்டுமென்றால் ஆயிரம் வர வேண்டும். சில்லறை கொடுத்து வீட்டுக்கடன் அடைக்கிற கதை. கட்டடத் தேதியைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

சரி, புள்ளி கூடினால் பெரியது வருமா? நாகானோ மாவட்டத்தில் மத்சுஷிரோ என்று ஓர் ஊர். 1965இல் அங்கே ஆட ஆரம்பித்து, சில வருஷங்களில் அறுபதாயிரத்துக்கு மேல் மக்கள் உணர்ந்த நடுக்கங்கள் வந்தன. அத்தனையிலும் பெரியது 5.4. அப்படியே அடங்கிவிட்டது. நோட்டோ தீபகற்பத்திலும் 2020 கடைசியிலிருந்து இதே மாதிரி ஓயாமல் சிறு நடுக்கம். 2023 மே 5இல் 6.5, அப்புறம் 2024 புத்தாண்டு அன்று சாயங்காலம் 4 மணி 10 நிமிடத்துக்கு 7.6. வாஜிமா பக்கம் கரையே 4 மீட்டர் வரை மேலே எழும்பி, துறைமுகங்களில் கடல் பின்வாங்கிப் படகுகள் தரையில் நின்றன. இரண்டு ஊரிலும் ஆரம்பத்தில் வரைபடம் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும்.

நான் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். 2011 மார்ச் 9 முற்பகலில் இங்கே கடலுக்குள் 7.3. மியாகிக் கடலில் 30 வருஷத்துக்குள் 7.5 வாக்கில் ஒன்று வர 99 சதவீத வாய்ப்பு என்று அரசாங்கம் ஏற்கெனவே சொல்லியிருந்ததால், ‘அந்தக் கடன் தீர்ந்தது’ என்றே அலுவலகத்தில் பேசிக்கொண்டோம். என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் மட்டும் ‘இது சின்னதாக இருக்கிறதே’ என்றார். நாங்கள் சிரித்தோம். இரண்டு நாள் கழித்து, 11ஆம் தேதி 2 மணி 46 நிமிடத்துக்கு நான் சாலையோரத்தில் லெவல் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஒரு மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ஸ்டாண்டைச் சரியாக ஊன்றவில்லையோ என்று காலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தால், எதிரே மட்டக்கோல் பிடித்திருந்த பையன் கோலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தான். மூன்று நிமிடம் போல நிற்கவே இல்லை. அளவு 9.0. இரண்டு நாள் முந்தி வந்தது முன்னோட்டம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. முன்னோட்டம் ‘நான் முன்னோட்டம்’ என்று பட்டை கட்டிக்கொண்டு வருவதில்லை.

இப்போது உங்கள் கோட்டுக்கு வருகிறேன். அதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

கொகுதோ சிரிஇன், அதாவது இந்த ஊர் சர்வே துறை, நாடு முழுக்க சுமார் 1,300 தூண்களை நட்டு வைத்திருக்கிறது. துருப்பிடிக்காத எஃகில் ஐந்து மீட்டர் உயரத் தூண், உச்சியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி மூடிக்குள் ஆன்டெனா. ஜிபிஎஸ்ஸோடு ஜப்பானின் சொந்த மிச்சிபிகி செயற்கைக்கோள்களையும் ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கும். நிறையப் பள்ளிக்கூட மைதானங்களில் பார்க்கலாம்.

2011க்கு முன்னால் இந்தத் தோஹொகு, அதாவது வடகிழக்கு ஜப்பான் தூண்கள் எல்லாம் மெல்ல மேற்கே போய்க்கொண்டிருந்தன. பசிபிக் கடலடியில் இருக்கும் பெரும் பாறைத் தட்டு வருஷத்துக்கு 8 சென்டிமீட்டர் கணக்கில் வந்து முட்டி, நம் பக்கத்தையும் சேர்த்து நெட்டித் தள்ளுகிறது. மார்ச் 11 அன்று பிடி விட்டது. மியாகிக் கரையில் ஒஷிகா தீபகற்பத்தில் இருக்கும் தூண் கிழக்கே சுமார் 5.3 மீட்டர் போய், 1.2 மீட்டர் கீழே இறங்கியது. உங்கள் படத்தில் செங்குத்தாக எகிறுவது அதுதான். அதற்குப் பிறகு கிழக்கே ஊர்வது, அந்த அதிர்ச்சியில் ஆழத்தில் இருக்கும் பாறை இன்னும் இளகி நகர்ந்து அடங்குவது. ஊஞ்சலை விட்டு இறங்கிய பிறகும் பலகை கொஞ்ச நேரம் ஆடுவதில்லையா? கோட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். வருஷம் போகப் போகச் சாய்வு குறைந்து, வளைந்து தணியும். அப்படி இருந்தால் அது எதிர்பார்த்த நடை. ஒரு தூண் நகர்கிறது என்பதற்காக இங்கே யாரும் தலையை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. நடையில் மாற்றம் வந்தால், அதுவும் பக்கத்துத் தூண்களிலும் சேர்ந்து வந்தால், அப்போது பார்ப்பார்கள்.

இன்னொன்று, கணவரின் நண்பர் எந்த ஊரை நிலையாக வைத்து அந்தப் படத்தை எடுத்தார் என்று கேளுங்கள். சர்வே துறையின் இணையதளத்தில் ஏதாவது ஒரு தூணை ‘இது அசையாது’ என்று நாமே வைத்துக்கொள்ள வேண்டும். மேற்கே நாகசாகி பக்கத்துத் தீவில் இருக்கும் ஃபுகுஏ தூணை வைத்தால் சென்டாய் ஓடுவது போலத் தெரியும். பக்கத்து ஊர்த் தூணை வைத்தால் சென்டாய் சும்மா உட்கார்ந்திருக்கும். ரயிலில் இருந்து அடுத்த ரயிலைப் பார்ப்பது போல.

இந்தக் கோடு என்னையும் ஒரு தடவை ஏமாற்றியிருக்கிறது. சில வருஷம் முந்தி, ஒரு தூண் ஒரே நாளில் இரண்டு சென்டிமீட்டர் குதித்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் மேலதிகாரியைப் போனில் எழுப்பினேன். அவர் நிதானமாக, ‘அடியில் இருக்கும் குறிப்பைப் படித்தாயா?’ என்றார். முந்தின நாள் ஆன்டெனா மாற்றியிருக்கிறார்கள். பக்கத்து மரத்தை வெட்டினாலும் இப்படிக் குதிக்கும். செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னலை இலை மறைப்பது திடீரென்று நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். பனி மூடினாலும் கோடு கோணலாகும். அலுவலகத்தில் இன்றுவரை யாராவது பதறினால் என் பேரைச் சொல்லித்தான் கிண்டல்.

2011இல் ஊர் நகர்ந்ததும் எங்கள் பிழைப்பு என்னவாயிற்று என்றால், சர்வே கற்களின் எண்களை அரசாங்கம் வெளியிடுவதையே நிறுத்தி வைத்தது. கற்களுக்குப் புது எண் முழுதாக வந்து சேர அக்டோபர் கடைசி ஆகிவிட்டது. டோக்கியோவில் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாட்டின் உயர மூலக்கல்லே 24.4140 மீட்டரிலிருந்து 24.3900க்கு இறங்கிற்று. 1923 நிலநடுக்கத்துக்கு முன்னால் அது 24.5000 ஆக இருந்தது. அதை வைத்துத்தான் எல்லா உயரமும் என்று படித்துவிட்டு வந்தவனுக்கு எப்படி இருக்கும்! இன்னும் வேடிக்கை, இந்தப் பக்கத்து எல்லைக்கற்களின் கணக்கு 2011 மே 24 அன்று நிலம் இருந்த நிலையில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இன்று அளந்ததை அந்த நாளுக்குத் திருப்பிக் கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறோம். காகிதத்தில் சென்டாய் அந்த நாளை விட்டு நகரவே இல்லை.

ஒஷிகா பக்கம் மீனவர்கள் பாடு இன்னும் மோசம். நிலம் இறங்கிவிட்டதே என்று படகுத்துறைகளை உயர்த்திக் கட்டினார்கள். அப்புறம் நிலம் வருஷா வருஷம் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. சின்னப் படகுக்காரர்களுக்குத் துறை தலைக்கு மேலே போய்விட, உயர்த்தியதையே திரும்பச் செதுக்கிக் குறைத்தார்கள். அங்கே உயரம் எடுக்கப் போனபோது ஒரு பெரியவர், ‘நீ அளந்து முடிப்பதற்குள் அது ஏறிவிடும், டீ குடித்துவிட்டு அள’ என்றார்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. என் தூண்கள் எல்லாம் கரையில் நிற்கின்றன. இரண்டு தட்டும் முட்டுகிற அகழி இங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளிக் கடலடியில் இருக்கிறது. தண்ணீருக்குள் ஜிபிஎஸ் வேலை செய்யாது. அதனால் கடலோரக் காவல்படை கப்பலில் போய், கப்பலின் இடத்தை ஜிபிஎஸ்ஸாலும், அடியில் வைத்திருக்கும் கருவியின் தூரத்தை ஒலியாலும் அளக்கிறது. அவர்கள் கருவி ஒன்று 2011இல் 24 மீட்டர் நகர்ந்திருந்தது. இப்போது இந்தக் கடலடியில் 150 இடங்களில் அதிர்வுமானியும் நீரழுத்தமானியும் வைத்து, 5,500 கிலோமீட்டருக்கு மேல் கேபிள் போட்டிருக்கிறார்கள். 2011இல் மூன்றே நிமிடத்தில் சுனாமி எச்சரிக்கை வந்தது, ஆனால் முதல் கணக்கில் நடுக்கத்தின் அளவையே 7.9 என்று குறைவாக எடுத்ததால் மியாகிக்கு 6 மீட்டர் என்றுதான் சொன்னார்கள். அந்தத் தப்பு திரும்ப நடக்கக் கூடாது என்றுதான் இத்தனை கேபிள்.

ராத்திரியில் எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். மேக்னிட்யூடை விட்டுவிட்டு ஷிந்தோவைப் பாருங்கள். நம் ஊர்ப் பத்திரிகை எல்லாவற்றையும் ‘ரிக்டர்’ என்று எழுதிப் பழக்கியதால் இந்த வித்தியாசம் நமக்குச் சட்டென்று ஏறாது. மேக்னிட்யூட் என்பது அங்கே கடலடியில் நடந்தது. ஷிந்தோ என்பது உங்கள் வீட்டுத் தரையில் நடந்தது. 0இலிருந்து 7 வரை, நடுவில் 5ஐயும் 6ஐயும் தாழ்வு, உயர்வு என்று பிரித்துப் பத்துப் படி. உங்கள் கரண்டிகளைக் கிணுக்கிய 3, இந்த ஊரில் வாடிக்கைக்காரர். 5 தாழ்வோ அதற்கு மேலோ வரும் என்று கணக்கு வந்தால், நிலநடுக்கத்தையும் கவனிக்கும் வானிலை முகமையின் அவசர எச்சரிக்கை, பலமாக ஆடப்போகும் பகுதியில் இருக்கும் போன்களில் ஒலிக்கும். அந்தச் சத்தத்துக்கு மட்டும் எழுந்தால் போதும். கரைக்குப் பக்கத்து நடுக்கம் என்றால் அது ஒலிப்பதற்கும் ஆடுவதற்கும் இடையில் சில நொடிதான் கிடைக்கும், சில சமயம் அதுவும் கிடைக்காது. அதனால் அந்த நொடியில் செய்ய வேண்டியதை இன்றைக்கே செய்துவிடுங்கள். பாப்பாவின் கட்டில் அலமாரி விழுந்தால் எட்டாத தூரத்தில் இருக்கட்டும். வாடகை வீடாக இருந்தால் அலமாரிக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக் கொடுக்கும் கம்பி கடையில் கிடைக்கும், சுவரில் துளை போட வேண்டாம்.

தள்ளுவண்டியில் போகும்போது கான்கிரீட் கட்டி அடுக்கிய பழைய மதில் ஓரமாகப் போகாதீர்கள். 1978 ஜூனில் இதே மியாகிக் கடல் நடுக்கத்தில் இறந்த 28 பேரில் பெரும்பாலோர் மதில் மாதிரியானவை மேலே விழுந்து போனவர்கள். 1981 விதி வந்ததற்கு அந்த நடுக்கமும் ஒரு காரணம்.

ஆற்றுமணல் எழுதியது:

மட்டக்கோல் அண்ணாவிடம் ஒரு கேள்வி. நாங்கள் ஹிரோஷிமாவில் இருக்கிறோம். 2024 ஆகஸ்ட்டில் ஷிகோகு தீவில் இருக்கும் கோச்சிக்கு யோசகோய் ஆட்டம் பார்க்கப் போக எல்லா ஏற்பாடும் செய்திருந்தோம். 8ஆம் தேதி கியூஷூ பக்கத்து ஹ்யூகாக் கடலில் 7.1 வந்தது, அன்று ராத்திரியே தென்மேற்கு ஜப்பானின் கடலடியில் இருக்கும் நான்காய் அகழி பற்றி ‘பெருநடுக்கம், கவனம்’ என்று டிவியில் அறிவித்தார்கள். போகவில்லை. தங்கும் விடுதிக்காரர் பாதிப் பணம்கூடத் திருப்பித் தரவில்லை. ஒரு வாரம் கழித்து அந்த அறிவிப்பை எடுத்துவிட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருஷம் ஜூலை 5இல் உலகமே முழுகப் போகிறது என்று ஒரு வதந்தி, அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எதை நம்பி டிக்கெட்டை ரத்து செய்வது?

மட்டக்கோல் எழுதியது:

இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஜூலை 5 என்பது ஒருவர் கண்ட கனவு. நாள், இடம், அளவு மூன்றையும் குறித்து ஒருவர் சொன்னால் அது புரளி என்று வானிலை முகமையே சொல்லிவிட்டது.

ஆகஸ்ட் அறிவிப்பு யாரும் ‘வரும்’ என்று சொன்னது கிடையாது. நான்காய் அகழியில் எந்த ஒரு வாரத்தை எடுத்தாலும் பெரியது வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று வையுங்கள். பக்கத்தில் 7 அளவில் ஒன்று வந்துவிட்டால், உலகம் முழுக்க இதுவரை நடந்ததை வைத்துப் பார்க்கும்போது, அடுத்த ஒரு வாரத்துக்கு அது சில நூற்றில் ஒன்று ஆகிறது. கூடியிருக்கிறது, ஆனால் வராமல் போவதே அதிகம். நானாக இருந்தால் போயிருப்பேன். கடலோரத்தில் தூங்காமல் மேட்டில் அறை எடுத்திருப்பேன், எந்த வழியாக ஏறி ஓடுவது என்று முதல் நாளே நடந்து பார்த்திருப்பேன். விடுதிப் பணத்துக்கு நான் பொறுப்பில்லை.

அந்த ஒரு வாரக் கணக்கை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குமமோட்டோவில் 2016 ஏப்ரல் 14இல் 6.5 வந்தது. பெரியது முடிந்தது என்று வீட்டுக்குத் திரும்பியவர்கள் மேல் 16ஆம் தேதி விடிவதற்கு முன் 7.3 வந்தது. இரண்டிலும் ஷிந்தோ 7. அதற்குப் பிறகு முகமை ‘பின்னதிர்வு’ என்று சொல்வதை விட்டுவிட்டு, ‘இதே அளவில் இன்னொன்று வரலாம், ஒரு வாரம் கவனம்’ என்றுதான் அறிவிக்கிறது.

நிஷிகசாய்க்காரன் எழுதியது:

சில்லறையும் வீட்டுக்கடனும் நன்றாக இருந்தது அண்ணே, வாபஸ் வாங்கிக்கொண்டேன். வாங்கிய கையோடு புத்தக அலமாரிக்கும் கம்பி வாங்கப் போகிறேன். பதினோரு வருஷமாக அது சும்மாதான் நிற்கிறது.

புதுக்குடித்தனம் எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. புள்ளி ஆப்பை எடுத்துவிட்டேன். எச்சரிக்கைச் சத்தம் மட்டும் வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி பால் கொடுக்க எழுந்தபோது கை தானாகப் போனுக்குப் போனது, பார்க்க ஒன்றும் இல்லாததால் படுத்துவிட்டேன்.

கணவரின் நண்பரைக் கேட்டேன். ஃபுகுஏதான் வைத்திருக்கிறார்! பக்கத்து ஊரை வைத்துப் பார்த்தால் கோடு படுத்துக் கிடக்கிறது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இன்று காலையில் பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அந்தத் தூணையே தேடிப் போனேன். போகும் வழியில் ஒரு பழைய மதில் இருந்தது, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனேன். தூண் ஒரு தொடக்கப்பள்ளி மைதானத்தின் மூலையில் நிற்கிறது. பளபளவென்று இருக்கும் என்று நினைத்தேன். இடுப்பு உயரம்வரை பந்து பட்ட மண் தடம் வட்ட வட்டமாக இருக்கிறது. இத்தனை நாள் நான் பயந்துகொண்டிருந்த கோடு முழுக்க இதன் தலையிலிருந்துதான் வந்ததா என்று வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். பாப்பா அதைப் பார்த்துக் கை தட்டினாள்.

ஒரு விஷயம் அண்ணா. தூணுக்கு மேற்கே ஒரு ஜின்கோ மரம் கிளையை நன்றாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு பேர் ஏணியோடு வந்து அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மட்டக்கோல் எழுதியது:

எந்த நாளில் வெட்டுகிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள் தங்கச்சி. எங்கள் அலுவலகத்தில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான்.